கிளஸ்டரை ஏஜென்டிடம் ஒப்படைக்கும் டூல் விளக்கங்கள்: எது தேறும், எது தேறாது

குபர்நெட்டிஸ் கிளஸ்டரை (கன்டெய்னர்களில் அடைத்த மென்பொருளைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) ஏஐ ஏஜென்டோடு இணைத்துவிடும் எம்சிபி சர்வர்களுக்கு இப்போது பஞ்சமே இல்லை. எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்பது ஏஐ மாடல் வெளி டூல்களை அழைப்பதற்கான நெறிமுறை. ஆந்த்ரோபிக் அந்த நெறிமுறையை 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன்பிறகு கியூப்சிடிஎல் (குபர்நெட்டிஸின் கட்டளைக் கருவி) தெரிந்தவர் யாராக இருந்தாலும் ஓய்வு நேரத்தில் இப்படியொரு சர்வரை எழுதிவிடலாம் என்று ஆகிவிட்டது. எழுதியும் விட்டார்கள். எதை நிறுவுவது எளிது, எது எந்த கிளவுடோடு ஒத்துப்போகும் என்ற ஒப்பீடுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு டூலுக்கும் கீழே எழுதியிருக்கும் நாலு வரி விளக்கத்தைத்தான் பெரும்பாலும் படிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த மதிப்பீடு அந்த நாலு வரியைப் பற்றியது மட்டும்.

மாடலின் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்: டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர்களுக்கான ஜேசான் ஸ்கீமா. உள்ளே இருக்கும் கோட் தெரியாது, ரீட்மீ தெரியாது, நீங்கள் டிஃபால்ட்டாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியாது. மறுபுறம், குபர்நெட்டிஸ் அதற்கு நன்றாகவே தெரியும். பாட் (கன்டெய்னர்கள் ஓடும் மிகச் சிறிய அலகு) என்றால் என்ன, டெப்லாய்மென்ட் (ஒரே மாதிரி பாட்களை வேண்டிய எண்ணிக்கையில் ஓடவைப்பது) எதற்கு என்றெல்லாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதற்குத் தெரியாமல் இருப்பது உங்கள் ரேப்பர், அதாவது கியூப்சிடிஎல்லைச் சுற்றி நீங்கள் எழுதிய கோட். கியூப்சிடிஎல்லிலிருந்து அது எங்கே விலகுகிறது, வெளியீட்டில் எதை வெட்டுகிறது, பெயர் தராவிட்டால் எந்த நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பிரித்துவைத்த பகுதி) தேடுகிறது, எவ்வளவு நேரம் காத்திருந்து திரும்புகிறது என்பதெல்லாம் விளக்கத்தில் இருந்தாக வேண்டும். சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகச் செய்கின்றன. மாடலுக்குத் தெரிந்ததை விரிவாகச் சொல்லிவிட்டு, தெரியாததைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

வடிவத்தை வைத்துப் பார்த்தால் இந்த சர்வர்கள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகையில் ஒரே ஒரு டூல். ஏதாவது ஒரு கியூப்சிடிஎல் கட்டளையை சரமாகக் கொடுத்தால் ஓட்டித் தரும். "கியூப்சிடிஎல் கட்டளையை இயக்கும்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். கிண்டல் செய்யத் தோன்றினாலும், சோதனை கிளஸ்டரில் இது நன்றாகவே ஓடும். மாடல் பழகிய மொழியிலேயே பேசலாம், புதிதாகக் கற்க எதுவும் இல்லை, டோக்கன் (மாடல் படிக்கும் உரைத் துண்டு) செலவும் சொற்பம். சிக்கல் எல்லாம் ஓரங்களில்தான். ஏஜென்டிடம் டெர்மினல் கிடையாது. ஆகவே எடிட் கட்டளை எடிட்டரைத் திறக்கப் போய்த் தோற்கும். லாக்கைத் தொடர்ந்து காட்டும் ஃபாலோ கொடியும், மாற்றங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வாட்ச் கொடியும், போர்ட்-ஃபார்வர்டும் முடிவே இல்லாமல் தொங்கும். ரோல்அவுட் (பாட்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும் ஓட்டம்) ஸ்டேட்டஸுக்கும் டிஃபால்ட்டாகக் காலவரம்பு இல்லை. "60 விநாடியில் நிறுத்தப்படும். ஊடாடும் கட்டளைகளும் தொடர் ஓட்டக் கட்டளைகளும் இயங்காது. பைப், ரீடைரக்ட் கிடையாது" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதித் தொல்லை அப்போதே தீர்ந்திருக்கும். பைப் கிடையாது என்பது விளக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது, உள்ளேயும் அப்படியே இருக்க வேண்டும். வந்த சரத்தை அப்படியே ஷெல்லுக்கு அனுப்பும் சர்வர்கள் இன்னும் இருக்கின்றன. அதன் பொருள், மாடல் எழுதும் எந்த ஷெல் கட்டளையும் அந்தக் கணினியில் ஓடும்.

இதே வகையில் இன்னொரு கண்ணி டிஃப் கட்டளை. கிளஸ்டரில் இருப்பதும் மேனிஃபெஸ்ட்டில் (வேண்டிய நிலையை எழுதிய கோப்பு) இருப்பதும் ஒன்றாக இருந்தால் அது 0 திருப்பும், வித்தியாசம் இருந்தால் 1, உண்மையான பிழை என்றால் 1க்கு மேல். பூஜ்யம் இல்லாதது எல்லாம் தோல்வி என்று எழுதிய ரேப்பர், வித்தியாசத்தைக் கண்டுபிடித்த ஓட்டத்தையே பிழை என்று அறிவிக்கும். மாடல் திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டு, டிஃப் வேலை செய்யவில்லை, நேரடியாக அப்ளை செய்கிறேன் என்று கிளம்பிவிடும்.

இரண்டாம் வகை, குபர்நெட்டிஸின் ஓப்பன்ஏபிஐ வரையறையை எடுத்து ஒவ்வொரு செயல்பாட்டையும் ஒரு டூலாகத் தானியங்கியாக மாற்றுவது. தயங்காமல் சொல்லலாம், இது தேறாது. நூற்றுக்கணக்கான டூல்கள் வந்து விழும். ஒரு டூலுக்கு 200 டோக்கன் என்று வைத்தாலும் 300 டூலுக்கு 60,000 டோக்கன், அதுவும் பயனர் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்பே. செலவைப் பொறுத்துக்கொண்டாலும் விளக்கங்களைப் பொறுத்துக்கொள்ள முடியாது. "குறிப்பிட்ட பாடின் நிலையை மாற்றியமைக்கும்" என்பது போன்ற வரிகள் ஏபிஐயை ஏற்கெனவே அறிந்தவருக்கான குறிப்புகள். எதை எப்போது எடுக்க வேண்டும் என்று அவை சொல்வதில்லை.

இதில் மிக மோசமானது "பாட் தொகுப்பை நீக்கும்" என்ற டூல். எந்த லேபிள் உள்ள பாட்கள் என்று வடிகட்டும் லேபிள் செலக்டர் அதில் கட்டாயமற்ற பாராமீட்டர். மாடல் செலக்டரை விட்டுவிட்டாலோ வெற்றுச் சரமாகக் கொடுத்தாலோ, ஏபிஐ சர்வர் அதை "வடிகட்டல் இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும். அந்த நேம்ஸ்பேஸில் உள்ள எல்லா பாட்களும் போய்விடும். ஏபிஐயின் நடத்தை சரியானதுதான், ஆவணத்திலும் இருக்கிறது. அதை ஏஜென்டிடம் கொடுக்கும்போது ஸ்கீமாவில் செலக்டரைக் கட்டாயமாக்கி, குறைந்தபட்ச நீளம் 1 என்று வைத்து, "வெற்றுச் செலக்டர் மறுக்கப்படும்" என்று விளக்கத்திலும் எழுதுவதுதான் ரேப்பர் எழுதுபவரின் வேலை. தானியங்கி மாற்றத்தில் அந்த வேலையைச் செய்ய ஆளே இல்லை.

மூன்றாம் வகைதான் நின்று பேச வேண்டியது. 10 முதல் 20 டூல்கள் வரை, செய்ய வேண்டிய காரியத்தை ஒட்டி அமைந்தவை: பாட்களைப் பட்டியலிடு, லாக் எடு, நிகழ்வுகளைக் காட்டு, ரீஸ்டார்ட் செய், எண்ணிக்கையை மாற்று, நோடைக் (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) காலி செய். வடிவம் சரி. எழுத்து பல இடங்களில் சோம்பேறித்தனம்.

லாக் டூலை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகக் காணும் விளக்கம்: "பாடின் லாக்கைப் பெறும்." இது பொய் இல்லை, ஆனால் இதை நம்பி ஏஜென்ட் செய்யும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாட் ஒன்று கிராஷ்லூப்பேக்ஆஃப் நிலையில் கிடக்கிறது. குபர்நெட்டிஸ் அதை 10 விநாடி, 20, 40 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே, அதிகபட்சம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்புகிறது. எழுந்த கணத்தில் ஏஜென்ட் லாக்கைக் கேட்டால் வருவது புதிய கன்டெய்னரின் லாக்: "சர்வர் தொடங்குகிறது", "கான்ஃபிக் படிக்கப்பட்டது" என்று இரண்டு வரி. பிழை எதுவும் இல்லை என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்துவிடும். செத்துப்போன முந்தைய கன்டெய்னரின் லாக்கை எடுக்கும் வழி கியூப்சிடிஎல்லில் உண்டு. ரேப்பரில் அந்தப் பாராமீட்டரே இருக்காது, இருந்தாலும் "முந்தையது: ஆம் அல்லது இல்லை" என்பதோடு நின்றுவிடும்.

அடுத்தது வெட்டு. கியூப்சிடிஎல்லில் ஒற்றை பாடின் லாக்கைக் கேட்டால் வரம்பில்லாமல் எல்லா வரியும் வரும், செலக்டர் கொடுத்துக் கேட்டால் மட்டும் பாடுக்கு 10 வரி. ரேப்பர்கள் டோக்கனை மிச்சம் பிடிக்க 100 அல்லது 200 வரியோடு வெட்டுகின்றன. வெட்டுவது நியாயம். சொல்லாமல் வெட்டுவதுதான் அநியாயம். வந்த 100 வரியே முழு லாக் என்று மாடல் நம்பிவிடும், நேற்றிரவு தொடங்கிய பிரச்சினை "இன்று காலை 9:40க்குத் தொடங்கியது" என்று அறிக்கையில் வரும். அதற்கும் கீழே ஒரு வெட்டு இருக்கிறது: கியூப்லெட் (ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபர்நெட்டிஸ் நிரல்) லாக் கோப்பை 10 மெபிபைட்டில் சுழற்றி 5 கோப்புகள் வரை வைத்திருக்கும், ஏபிஐ வழியே கிடைப்பது கடைசிக் கோப்பில் இருப்பது மட்டும். அதிகம் எழுதும் சேவைக்கு அது சில நிமிடங்களுக்குக்கூடக் காணாது.

மெமரி தீர்ந்து கொல்லப்பட்ட கன்டெய்னரின் கதை இன்னும் சுவாரசியம். கொல்ல அனுப்பப்படும் சிக்கில் சிக்னலை எந்தப் புரோகிராமும் பிடிக்க முடியாது, ஆகவே லாக்கில் ஒரு வரியும் இருக்காது. எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றிருக்கும், அவ்வளவுதான். காரணம் இருப்பது பாடின் நிலையில், முந்தைய நிலைக்குக் கீழே, ஓஓஎம்கில்ட் என்றும் எக்ஸிட் கோட் 137 என்றும். லாக் டூலின் விளக்கமே ஏஜென்டை அங்கே திருப்பிவிட வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்தால் விளக்கம் இப்படி அமையும்: "ஒரு கன்டெய்னரின் லாக்கில் கடைசி 200 வரியைத் தரும். வெட்டப்பட்டிருந்தால் முதல் வரியில் அது குறிக்கப்படும். பாட் மறுபடி மறுபடி விழுந்து எழுகிறது என்றால் முந்தையது என்பதை ஆம் என வைக்கவும், இல்லாவிட்டால் புதிதாக எழுந்த கன்டெய்னரின் லாக்தான் வரும். பாடில் பல கன்டெய்னர்கள் இருந்தால் பெயர் கட்டாயம். தராவிட்டால் பெயர்ப் பட்டியலோடு பிழை வரும். சுழற்றப்பட்ட பழைய லாக் கிடைக்காது. எக்ஸிட் கோட், கொல்லப்பட்ட காரணம் இரண்டும் இங்கே இருக்காது. பாட் விவர டூலைப் பார்க்கவும்." எட்டு வாக்கியம். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான முடிவைத் தடுக்கிறது. எந்தத் தவறையும் தடுக்காத வாக்கியத்தை எடுத்துவிடலாம். "இது பிழைத்திருத்தத்துக்கு மிகவும் பயனுள்ள சக்திவாய்ந்த டூல்" என்ற ரக வாக்கியங்கள்தான் முதலில் போக வேண்டியவை.

நிகழ்வுகளைக் காட்டும் டூலுக்கு ஒரு வரியே போதும்: ஏபிஐ சர்வர் நிகழ்வுகளை டிஃபால்ட்டாக 1 மணி நேரம்தான் வைத்திருக்கும், பட்டியல் காலி என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் இல்லை.

வெற்றுப் பட்டியல்தான் இந்த டூல்களின் பொதுவான பலவீனம். நேம்ஸ்பேஸைக் கட்டாயமற்றதாக வைத்துவிட்டு, தராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லாத ஸ்கீமாக்கள் ஏராளம். சில டிஃபால்ட் நேம்ஸ்பேஸில் தேடும், சில கியூப்கான்ஃபிக்கில் (கியூப்சிடிஎல்லின் இணைப்பு விவரக் கோப்பு) நடப்பு கான்டெக்ஸ்டுக்குரிய (எந்த கிளஸ்டர், எந்தப் பயனர் என்ற தேர்வு) நேம்ஸ்பேஸில் தேடும், சில எல்லாவற்றிலும் தேடும். பயனர் "பேமென்ட் சேவை ஏன் மெதுவாக இருக்கிறது" என்று கேட்கிறார். ஏஜென்ட் தவறான நேம்ஸ்பேஸில் தேடுகிறது, காலிப் பட்டியல் வருகிறது, அப்படியொரு சேவையே நிறுவப்படவில்லை என்கிறது. இன்னும் துடுக்கான ஏஜென்ட், நிறுவித் தரட்டுமா என்றும் கேட்கும். பட்டியல் டூல்களில் நேம்ஸ்பேஸைக் கட்டாயமாக்கி, எல்லாவற்றிலும் தேட ஒரு தனி மதிப்பைக் கொடுப்பதே சுத்தமான வழி. வெளியீட்டின் முதல் வரியில் தேடிய கிளஸ்டர், நேம்ஸ்பேஸ், செலக்டர் மூன்றும் வர வேண்டும். "0 கிடைத்தன" என்பதைவிட "ஸ்டேஜிங் கிளஸ்டர், டிஃபால்ட் நேம்ஸ்பேஸ், செலக்டர் இல்லை: 0 கிடைத்தன" என்பது மாடலைத் தானாகவே திருத்திக்கொள்ள வைக்கும்.

கிளஸ்டர் என்றதும் கான்டெக்ஸ்ட். கான்டெக்ஸ்டை மாற்றும் டூலைத் தனியாக வைத்திருக்கும் சர்வர்களுக்கு இங்கே கறாராக மதிப்பெண் குறைக்க வேண்டும். நடப்பு கான்டெக்ஸ்ட் என்பது கியூப்கான்ஃபிக் கோப்பில் எழுதப்படும் நிலை. ஏஜென்ட் அதை மாற்றினால், அதே கோப்பைப் பயன்படுத்தும் மனிதரின் டெர்மினலிலும் மாறிவிடும். அவர் ஸ்டேஜிங் என்று நினைத்து அடிக்கும் அடுத்த கட்டளை புரொடக்‌ஷனில் போய் விழும். ஒவ்வொரு டூலிலும் கிளஸ்டரைக் கட்டாயப் பாராமீட்டராக வைத்து, அனுமதிக்கப்பட்ட பெயர்களை ஸ்கீமாவிலேயே பட்டியலாகக் கொடுத்துவிட்டால் இந்த டூலே தேவைப்படாது. மாடல் பெயரைக் கற்பனை செய்யவும் வழியிருக்காது.

மாற்றம் செய்யும் டூல்களில்தான் விளக்கத்தின் விலை தெரியும். ரீஸ்டார்ட், ஸ்கேல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கையை 3 ஆக்கு என்று இரண்டு முறை சொன்னாலும் 3தான். ரீஸ்டார்ட் அப்படியில்லை. பாட் வார்ப்புருவில் நேரத்தைக் குறிக்கும் ஒரு அனோட்டேஷனை எழுதித்தான் அது வேலை செய்கிறது, ஒவ்வொரு அழைப்பும் புதிய ரோல்அவுட். நெட்வொர்க் தடுமாறி விடை வராமல் போனால் ஏஜென்ட் மறுபடி அழைக்கும், ஓடிக்கொண்டிருக்கும் ரோல்அவுட்டின் மேல் இன்னொன்று ஏறும். "மறுமுறை அழைத்தால் மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். விடை வராவிட்டால் முதலில் ரோல்அவுட் நிலையைப் பார்க்கவும்" என்று எழுதியிருந்த விளக்கங்கள் மிகக் குறைவு. அதைவிடக் குறைவாக இருப்பது, டூல் எப்போது திரும்புகிறது என்ற தகவல். பெரும்பாலான ரீஸ்டார்ட் டூல்கள் மாற்றத்தைப் பதிந்த உடனேயே வெற்றி என்று திரும்பிவிடும். பாட்கள் எழ மறுப்பது தெரிய டிஃபால்ட்டாக 600 விநாடி ஆகலாம், டெப்லாய்மென்ட்டின் முன்னேற்றக் கெடு அவ்வளவு. அதற்குள் ஏஜென்ட் "வெற்றிகரமாக ரீஸ்டார்ட் செய்யப்பட்டது" என்று சொல்லி உரையாடலையே முடித்திருக்கும்.

ஸ்கேலுக்கு வேறு தொல்லை. எச்பிஏ (சுமைக்கு ஏற்ப பாட் எண்ணிக்கையைத் தானாக மாற்றும் கட்டுப்பாடு) பொறுப்பில் இருக்கும் டெப்லாய்மென்ட்டின் எண்ணிக்கையைக் கையால் மாற்றினால் எச்பிஏ கொஞ்ச நேரத்தில் தன் கணக்குக்குத் திருப்பிவிடும். 0 ஆக்கினால் மட்டும் எச்பிஏ ஒதுங்கிக்கொள்ளும், அப்புறம் யாராவது கையால் ஏற்றும்வரை 0தான். ஆர்கோ சிடி, ஃப்ளக்ஸ் போன்ற ஒத்திசைவு மென்பொருள்கள் கிட் களஞ்சியத்தில் இருப்பதற்கு மாறான எதையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். ஏஜென்டுக்கு இது தெரியாவிட்டால் மாற்றும், பார்க்கும், மாறவில்லை என்று மறுபடி மாற்றும். நல்ல சர்வர் இதை விளக்கத்தில் எச்சரிப்பதோடு நிற்காமல், எச்பிஏ இருக்கிறதா என்று தானே பார்த்து விடையிலேயே சொல்லிவிடும்.

நீக்கும் டூலில் கட்டாயம் இருக்க வேண்டியது, யார் பொறுப்பில் இருக்கும் பாடை நீக்குகிறோம் என்பது. டெப்லாய்மென்ட்டின் பாடை நீக்கினால் வேறு பெயரில் இன்னொன்று வரும். யார் பொறுப்பிலும் இல்லாத தனிப் பாடை நீக்கினால் போனது போனதுதான். ஃபோர்ஸ் கொடியை ஒரு பூலியனாக, "கட்டாயமாக நீக்கு" என்ற இரண்டு சொல் விளக்கத்தோடு வைத்திருப்பது அபாயம். டெர்மினேட்டிங் நிலையில் மாட்டிய பாடைப் பார்த்தவுடன் மாடல் அதைத்தான் முதலில் எடுக்கும். அது என்ன செய்கிறது என்றால், நோடில் கன்டெய்னர் உண்மையிலேயே நின்றதா என்ற உறுதி வருவதற்கு முன்பே ஏபிஐயிலிருந்து பாடை எடுத்துவிடுகிறது. ஸ்டேட்ஃபுல்செட் (பாட்களுக்கு நிலையான அடையாளம் தரும் வகை) என்றால் அதே அடையாளத்தோடு இரண்டு பாட்கள் ஒரே நேரத்தில் எழுதும் நிலை வரலாம். டேட்டாபேஸுக்கு அதைவிடக் கெட்ட செய்தி இல்லை. ஃபோர்ஸை ஏஜென்டுக்குக் கொடுக்காமல் இருப்பதே மேல். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தனி டூலாக, தனி அனுமதியோடு.

நோடைக் காலி செய்யும் டூலில் கவனிக்க வேண்டியது பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பது. டிரெயின் (காலி செய்யும் கட்டளை) முதலில் நோடை கார்டன் செய்யும் (புதிய பாட் எதுவும் வராமல் தடுக்கும்), பிறகு பாட்களை வெளியேற்றும். பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் (ஒரே நேரத்தில் எத்தனை பாட் நிற்கலாம் என்ற வரம்பு) தடுத்தால் ஏபிஐ 429 திருப்பும், டிரெயின் மறுபடி மறுபடி முயலும். அதற்கும் டிஃபால்ட்டாகக் காலவரம்பு இல்லை. ரேப்பர் 5 நிமிடத்தில் கைவிட்டால் பாட்கள் பாதி வெளியேறியிருக்கும், நோட் கார்டன் ஆகியே கிடக்கும். "காலவரம்பு தாண்டினாலும் நோட் கார்டன் நிலையிலேயே இருக்கும். விடுவிக்க அன்கார்டன் டூலை அழைக்கவும்" என்ற வரியை எழுதாத சர்வரைப் புரொடக்‌ஷன் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

பாராமீட்டர் விளக்கங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவை தனியாக ஒரு பத்திக்குத் தகும். மெமரி வரம்பை "சரம்" என்று மட்டும் குறித்த ஸ்கீமாவுக்கு மாடல் 400எம் என்று சிறிய எம் போட்டு அனுப்பலாம். சிபியுவில் அது 400 மில்லிகோர், சரி. மெமரியில் அதே சின்ன எழுத்துக்கு 0.4 பைட் என்று பொருள். குபர்நெட்டிஸ் அதை முறையான அளவாகவே ஏற்றுக்கொள்ளும். பெரிய எம் என்றால் 400 மெகாபைட், எம்ஐ என்றால் 400 மெபிபைட். ஸ்கீமாவில் பேட்டர்ன் வைத்து எம்ஐ, ஜிஐ இரண்டை மட்டும் அனுமதித்துவிட்டால் தீர்ந்தது. பேட்ச் டூலும் இப்படித்தான்: எந்த வகைப் பேட்ச் என்று சொல்லாமல் விட்டு, உள்ளே ஜேசான் மெர்ஜ் பேட்ச் ஓடினால், கன்டெய்னர் பட்டியலில் ஒன்றை மட்டும் திருத்த மாடல் அனுப்பிய துண்டு பட்டியல் முழுவதையும் மாற்றிவிடும், சைட்கார் (துணைக் கன்டெய்னர்) காணாமல் போகும். ஸ்ட்ராட்டஜிக் மெர்ஜ் பெயரை வைத்துச் சேர்க்கும், ஆனால் கஸ்டம் ரிசோர்ஸுகளுக்கு (பயனர் சேர்த்த பொருள் வகைகள்) அது செல்லாது. இரண்டில் எது என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். எழுதுவதில்லை.

எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பில் டூல்களுக்குக் குறிப்புகள் வந்தன: படிப்பு மட்டுமா, அழிக்கக்கூடியதா, மறுமுறை அழைத்தால் மாற்றமில்லையா, வெளியுலகைத் தொடுகிறதா. எதுவும் எழுதாவிட்டால் படிப்பு மட்டும் என்பது இல்லை, அழிக்கக்கூடியது என்பது ஆம் என்றே கொள்ளப்படும். சரியான டிஃபால்ட். ஆனால் சோம்பேறித்தனத்தில் பாட் பட்டியலுக்குக்கூட எதுவும் எழுதாமல் விட்டால், அதை மதிக்கும் கிளையன்ட் ஒவ்வொரு பட்டியலுக்கும் அனுமதி கேட்கும். பத்தாவது முறை பயனர் படிக்காமலே சரி என்று அழுத்துவார், பதினோராவது நீக்கும் டூலாக இருக்கும். முதல் வகை ஒற்றை டூல் சர்வரின் பெரிய குறையும் இதுதான். பார்ப்பதும் அழிப்பதும் ஒரே பெயரில் இருப்பதால் கிளையன்டால் பிரித்துப் பார்க்கவே முடியாது.

இந்தக் குறிப்புகள் வெறும் குறிப்புகள், பூட்டு இல்லை. நெறிமுறையே அப்படித்தான் சொல்கிறது. "புரொடக்‌ஷனில் பயன்படுத்தாதீர்கள்" என்று விளக்கத்தில் எழுதுவதும் பூட்டு இல்லை. பாட் எழுதும் லாக்கில் என்ன வரி வேண்டுமானாலும் இருக்கலாம், ஏஜென்டை ஏமாற்றும் கட்டளையும் உட்பட. அதைப் படித்த மாடல் விளக்கத்தை மறந்துவிடக்கூடும். பூட்டு என்றால் ஆர்பிஏசி, அதாவது யாருக்கு என்ன உரிமை என்ற விதிகள்: ஏஜென்டுக்குத் தனி சர்வீஸ் அக்கவுன்ட், கெட், லிஸ்ட், வாட்ச் மட்டும், அதுவும் சீக்ரெட்டை (கடவுச்சொல் போன்றவை இருக்கும் பொருள்) தவிர்த்து. சீக்ரெட்டுக்கு லிஸ்ட் உரிமை கொடுத்தாலே உள்ளடக்கமும் வந்துவிடும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. அந்த அக்கவுன்டுக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதற்கு ஏற்ற டூல்களை மட்டும் பட்டியலில் காட்டும் சர்வருக்குக் கூடுதல் மதிப்பெண். செய்ய முடியாத டூலைக் காட்டிவிட்டு 403 (அனுமதி இல்லை) வாங்கவிடுவது டோக்கன் விரயம்.

பிழைச் செய்தியையும் விளக்கத்தின் மீதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். "மெட்ரிக்ஸ் ஏபிஐ இல்லை" என்ற செய்தியைவிட "இந்த கிளஸ்டரில் மெட்ரிக்ஸ்-சர்வர் இல்லை, மறுபடி அழைத்தாலும் கிடைக்காது, ரிக்வெஸ்ட், லிமிட் மதிப்புகளுக்குப் பாட் விவர டூல்" என்பது இரண்டு மூன்று வீண் அழைப்புகளை மிச்சப்படுத்தும். மறுபடி முயலலாமா கூடாதா என்பதைப் பிழை சொல்லியாக வேண்டும். 409 என்றால் புதிதாகப் படித்து முயல், 429 என்றால் பொறு, 403 என்றால் விடு.

சர்வரைத் தேர்ந்தெடுக்கும் முன் சோதிக்க ஒரு மாலை போதும். சொந்தக் கணினியிலேயே ஓடும் கைண்ட் அல்லது மினிக்யூபில் கிளஸ்டர் எழுப்பி, வேண்டுமென்றே உடைத்துவையுங்கள்: இல்லாத இமேஜ் டேக், பத்தாத மெமரி லிமிட், ரெடினஸ் சோதனைக்குத் தவறான போர்ட், இல்லாத ஸ்டோரேஜ் கிளாஸைக் கேட்கும் பிவிசி (சேமிப்பிடக் கோரிக்கை), பாட் லேபிளோடு பொருந்தாத சர்வீஸ் செலக்டர். "ஆப் திறக்கவில்லை" என்று மட்டும் ஏஜென்டிடம் சொல்லுங்கள். எந்த டூலை முதலில் எடுக்கிறது, எத்தனை அழைப்பில் காரணத்தைத் தொடுகிறது என்று அழைப்புப் பதிவில் பாருங்கள். கடைசி உடைப்புதான் சர்வர்களைப் பிரித்துக் காட்டும். எந்தப் பாடும் விழவில்லை, எல்லாம் ரெடி, லாக் சுத்தம், நிகழ்வுகள் அமைதி. எண்ட்பாயிண்ட்ஸ்லைஸ் (சர்வீஸ் எந்தப் பாட்களுக்கு அனுப்புகிறது என்ற பட்டியல்) மட்டும் காலி. அதைப் பார்க்கும் டூலின் விளக்கத்தில் "பாட்கள் நலமாக இருந்தும் சேவைக்கு ட்ராஃபிக் வராவிட்டால் இதைப் பார்க்கவும்" என்று ஒரு வரி இருக்கும் சர்வர் பாதை தவறாமல் போகும். இல்லாதது பாட்களை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்கும்.

சொந்தமாக சர்வர் எழுதுவோர் கவனிக்க: விளக்கத்தில் வரும் எண்களைக் கையால் அடிக்காதீர்கள். லாக் வரம்பு, காலவரம்பு எல்லாம் கோடில் இருக்கும் மாறிலியிலிருந்தே விளக்கத்துக்குள் வர வேண்டும். யாரோ வரம்பை 200லிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டு விளக்கத்தைத் தொடாமல் விட்டால், 200 வரி பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஏஜென்ட் பதில் எழுதும், சோதனைகளில் எதுவும் சிவப்பாக மாறாது.